செவியில் தொடங்கும் வாசிப்பு

விஜயதசமி அன்று தட்டில் பரப்பிய நெல்லிலோ பச்சரிசியிலோ குழந்தையின் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுதுவித்து, அதன்பின் ஓராண்டு ஈராண்டுக்குள் அந்தக் குழந்தை உயிர், மெய், உயிர்மெய் வரிசைகள் யாவற்றையும் கடகடவென்று ஒப்பித்துவிட்டால், அதற்கு வாசிக்க வந்துவிட்டது என்றே நம்மில் பெரும்பாலோர் திருப்தி கொள்கிறோம். ஆனால் அதே குழந்தையின் கையில் அது முன்பு கண்டிராத ஒரு சிறு கதைப் புத்தகத்தைக் கொடுத்து, முதற் பக்கத்தில் உள்ள ஒரே ஒரு வாக்கியத்தை வாசிக்கச் சொன்னால், பல சமயங்களில் அது விழிக்கிறது. அல்லது பக்கத்திலுள்ள சித்திரத்தைப் பார்த்துத் தானாகவே ஒரு வாக்கியத்தைக் கற்பித்துச் சொல்கிறது. அல்லது எழுத்துக்களை ஒவ்வொன்றாகச் சரியாகவே உச்சரித்து முடித்துவிட்டு, தான் வாசித்தது இன்னதென்று தெரியாமல் நம் முகத்தைப் பார்க்கிறது. பாடப் புத்தகத்தின் முதற் பாடத்தை, பக்கம் திருப்ப வேண்டிய இடங்கூடத் தவறாமல், மனப்பாடமாகச் சொல்லிவிடும் குழந்தைதான் இது என்பதை நினைத்துப் பார்த்தால், எழுத்தறிவுக்கும் வாசிப்புக்கும் இடையில் நாம் கவனிக்காமல் விட்டுவிட்ட தூரம் எவ்வளவு என்பது புலப்படும்.

இது ஒரு வீட்டுக் குறையோ ஓர் ஊர்க் குறையோ ஆகாது. ‘பிரதம்’ என்னும் தொண்டு நிறுவனத்தின் முயற்சியால் 2005 முதல் நாட்டின் கிராமங்களில் நடந்துவரும் ‘ஏசர்’ ஆய்வில், தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று, சில எழுத்துக்கள், சில சொற்கள், முதல் வகுப்புத் தரத்தில் ஒரு சிறு பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு சிறு கதை ஆகியவை அச்சிட்ட தாளைக் குழந்தைகளிடம் காட்டி வாசிக்கச் சொல்கிறார்கள். மூன்றாம் வகுப்பில் படிக்கும் குழந்தைகளில் அந்த இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்க முடிந்தவர்கள், இந்தியக் கிராமப்புறங்களில், 2018-ல் நூற்றுக்கு 27 பேர். பெருந்தொற்றினால் பள்ளிகள் நெடுங்காலம் மூடிக்கிடந்த பிறகு 2022-ல் அத்தொகை 20 அளவுக்கு இறங்கி, 2024-ல் மறுபடியும் 27 அளவை எட்டியது. நல்ல ஆண்டுகளிலேயே நான்கில் மூன்று பங்குக் குழந்தைகள், தாம் முந்திய ஆண்டே வாசித்திருக்க வேண்டியதை வாசிக்க இயலாதவர்களாக இருக்கிறார்கள் என்றால், குறை குழந்தைகளின் புத்தியில் இருக்க முடியாது. நாம் கற்பிக்கும் விதத்திலேயே எங்கோ இருக்கிறது.

வாசிப்பு என்பது உண்மையில் இரண்டு ஆற்றல்கள் ஒருங்கு சேர்வதால் விளைவது. தாளில் உள்ள குறிகளைப் பார்த்து அவற்றை ஒலியாக்கிச் சொல்லாகச் சேர்ப்பது ஒன்று; அவ்விதம் சேர்ந்த சொற்களைக் காதால் கேட்டால் எப்படி அர்த்தம் செய்துகொள்வோமோ அப்படி அர்த்தம் செய்துகொள்வது மற்றொன்று. கஃப், டன்மர் என்னும் உளவியல் அறிஞர் இருவர் 1986-ல் இதனை ஒரு கணக்காகவே எழுதிக் காட்டினார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறனை மொழியைக் கிரகிக்கும் திறனால் பெருக்கினால் வருவதே வாசிப்பு. கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்று அவர்கள் சொன்னதில்தான் விஷயமே அடங்கியிருக்கிறது. ஏனெனில் பெருக்கலில் இரண்டில் ஒன்று பூஜ்யமாக இருந்தால் மற்றது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விடை பூஜ்யந்தான். ஆயிரம் கதைகள் சொல்லத் தெரிந்தும் ஓர் எழுத்துக்கூடத் தெரியாத பாட்டியும், பட்டா மாறுதல் உத்தரவைத் தடையின்றி வாசித்துவிட்டு அதில் சொல்லியிருப்பது இன்னதென்று எழுத்தரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பெரியவரும் இதற்கு எதிரெதிரான உதாரணங்கள். இந்த இரண்டு ஆற்றல்களில் முதலாவதை முறையாகக் கற்பிக்க வேண்டியது பெரும்பாலும் பள்ளியின் கடமை. இரண்டாவதைப் பிறந்த நாள்தொட்டு வளர்க்க வேண்டியது பெரும்பாலும் வீட்டின் கடமை. நம் நாட்டிலோ, வீடு பள்ளியின் வேலையைச் செய்ய முற்பட்டு மூன்று வயதுக் குழந்தையை எழுத்தெழுதச் சொல்லி வருத்துகிறது. பள்ளியோ, குழந்தைக்கு மொழி வளம் வீட்டிலேயே வந்திருக்கும் என்று எண்ணிக் கதையையும் பாட்டையும் ஒதுக்கிவிட்டுப் பாடத்தை ஓட்டுகிறது. இரட்டை மாட்டு வண்டியை ஒற்றைக் காளையைக் கொண்டு இழுக்கச் செய்வது போன்ற இந்தப் பிரயாசையில் வண்டி நகராமல் நிற்பதில் வியப்பில்லை.

நம் முன்னோரின் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கற்பித்த விதத்தை முற்றும் பழிப்பதும் நியாயமன்று. பரப்பிய மணலில் விரலால் எழுதி, எழுதும்போதே வாயால் சொல்லி, சொன்னதையே கூட்டமாகப் பாடி, கண், கை, வாய், செவி நான்கையும் ஒரே காரியத்தில் ஈடுபடுத்திய முறை அது. முன்னே படித்த சிறுவன் சட்டாம்பிள்ளையாக இருந்து பின்னே வந்தவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். 1789-ல் மதராஸ் எழும்பூரில் இருந்த ராணுவ அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதனையும் மாணவனைக் கொண்டே மாணவனுக்குப் போதிக்கும் முறையையும் தம் விடுதியில் கையாண்டு, 1797-ல் லண்டனில் அதைப்பற்றி ஒரு சிறு நூல் வெளியிட, அது ‘மதராஸ் முறை’ என்ற பெயராலேயே இங்கிலாந்தின் பள்ளிகளில் பரவிற்று. ஔவையாரின் ஆத்திசூடி அகர வரிசையில் அமைந்திருப்பதும் தற்செயலன்று. எழுத்தின் வரிசையும் நீதியும் ஒருங்கே மனத்தில் பதிய வேண்டும் என்ற ஏற்பாடு அது. ஆயினும் அம்முறையில் ஒரு பெருங்குறை இருந்தது. புத்தகம் அரிதாக இருந்த காலத்தில் மனப்பாடமே கல்வியின் இலக்காக இருந்தமையால், காணாததை வாசிக்கும் அப்பியாசத்துக்கு அங்கே இடம் குறைவு. புத்தகம் மலிந்துவிட்ட இக்காலத்திலும் அந்த மனப்பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மணலையும் பாட்டையும் சட்டாம்பிள்ளையின் துணையையும் கைவிட்டுவிட்டோம் என்பதே நம் நிலை.

எழுத்து விஷயத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். தமிழ் எழுத்துக்கள் 247 என்றவுடன் பெற்றோருக்கே மலைப்பு உண்டாகிறது. ஆனால் குழந்தை புதிதாகக் கற்க வேண்டியவை 247 வடிவங்கள் அல்ல. உயிர் 12, அகரம் ஏறிய மெய் 18, ஆய்தம் ஒன்று ஆகியவற்றோடு, புள்ளி, துணைக்கால், மேல்விலங்கு, ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு முதலான ஏழெட்டுக் குறிகளை அறிந்துகொண்டால் பெரும்பகுதி முடிந்தது. குறி சேரும் விதத்தில் ஒழுங்கு குலைவது உகர, ஊகார வரிசைகளில்தான். கு, சு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைந்தும் சுழித்தும் கீழிறங்கியும் நிற்கும் அந்த 36 எழுத்துக்களுக்கு மட்டும் தனியான பொறுமை வேண்டும். 1978-ல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தம் ஆகார, ஐகார வரிசைகளிலே இருந்த சில விலகலான வடிவங்களை நீக்கி ஒழுங்குபடுத்தியதனால், நம் பாட்டன்மார் பட்ட சிரமத்தில் ஒரு பகுதி இன்றைய குழந்தைகளுக்கு இல்லை. வேறொரு நுட்பமான சங்கடம் உண்டு. ‘கெ’ என்னும் எழுத்தில் கண் முதலிற் காண்பது கொம்பை. வாய் முதலிற் சொல்ல வேண்டியதோ ககரத்தின் ஒலியை. ‘கொ’ என்பதில் குறி எழுத்தின் இருபுறமும் நிற்கிறது. பெரியவர்களுக்குப் பழக்கத்தால் மறைந்துபோன இந்த முன்பின் முரண்பாடு குழந்தைக்கு மெய்யான தடை என்பதை அறிந்தால், கொம்பு எழுத்துக்களில் அது தயங்கும்போது நமக்குக் கோபம் வராது.

இவற்றை எந்த வரிசையில் கற்பிப்பது? அகராதியின் வரிசை குழந்தைக்கு வாசிக்க உதவாது. ஏனெனில் அ முதல் ஔ வரை கற்று முடித்த பின்னும் அதைக் கொண்டு அது வாசிக்கக்கூடிய சொற்கள் அநேகமாக இல்லை. மாறாக, ட, ப, ம என்னும் மூன்று எழுத்துக்களையும், புள்ளி, துணைக்கால் என்னும் இரண்டு குறிகளையும் மட்டும் முதலிற் கற்பித்தால், படம், பட்டம், மட்டம், பாடம், மாடம், பாப்பா, மாமா, டப்பா என்று இத்தனை சொற்கள் ஒரே வாரத்தில் அதன் வசமாகின்றன. எழுத்துக்கள் சேர்ந்து சொல்லாகின்றன, சொல் தான் அறிந்த ஒரு பொருளைச் சொல்கிறது என்ற பேருண்மையைக் குழந்தை தன் அநுபவத்தாலேயே கண்டுகொள்ளும் தருணம் அது. அதன் முகத்தில் அப்போது தோன்றும் சந்தோஷத்தைக் கண்ட ஆசிரியர் மறுபடி அரிச்சுவடியை வரிசையாக ஒப்பிக்கச் சொல்லமாட்டார்.

மெய்யெழுத்தைச் சொல்லிக்கொடுக்கும் விதத்திலும் ஓர் எச்சரிக்கை தேவை. க் என்பதை ‘இக்’ என்றும் ம் என்பதை ‘இம்’ என்றும் பெயர் சொல்லிப் பழக்குகிறோம்; பெயர் என்ற அளவில் அதில் தவறில்லை. ஆனால் ‘படம்’ என்பதை வாசிக்கும் குழந்தை, கற்ற பெயரை அப்படியே நம்பி, ‘ப - ட - இம்’ என்று சொல்லிவிட்டு, ‘படஇம்’ என்றால் என்னவென்று புரியாமல் நிற்பதை முதல் வகுப்பு அறைகளில் காணலாம். புள்ளி வைத்த எழுத்து தனித்து நிற்காது, முன்னுள்ள எழுத்தோடு ஒட்டிக்கொண்டே ஒலிக்கும் என்று காட்டி, ‘டம்’ என்பதை ஒரே மூச்சில் சொல்லப் பழக்கிவிட்டால் இந்தச் சிக்கல் ஓரிரு நாளில் தீர்ந்துவிடும். அதுபோலவே, கண், மகன், தங்கம் என்னும் மூன்று சொற்களிலும் ஒரே ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. இதற்கு விதி சொல்லிக் குழந்தையைக் குழப்ப வேண்டியதில்லை. அந்தச் சொற்கள் அதன் செவிக்கு முன்பே பழக்கமானவையாக இருந்தால், எழுத்தைக் கண்டதும் ஒலியை அதுவே திருத்திக்கொள்கிறது. செவியில் இல்லாத சொல்லைக் கண்ணால் மட்டும் வாசிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆகவே எழுத்துக்கு முன்னே செவியைப் பக்குவப்படுத்த வேண்டும். பேச்சு என்பது சொற்களாலும், சொல் என்பது சிறுசிறு ஒலித்துண்டுகளாலும் ஆனது என்ற உணர்வு, எழுத்தறியும் முன்பே குழந்தைக்கு வந்துவிடுமானால் வாசிப்பு எளிதாகிறது என்பது ஆராய்ச்சியாளர்களின் முடிவு. இதற்கு நம்மிடம் உள்ள சாதனம் பாட்டு. முதலெழுத்து ஒத்து வருவது மோனை, இரண்டாம் எழுத்து ஒத்து வருவது எதுகை என்று இலக்கணம் வகுத்த பாஷையில், நல்ல குழந்தைப் பாட்டு ஒவ்வொன்றும் செவிக்கு ஒரு பயிற்சியாகவே அமைந்துவிடுகிறது. கவிமணியின் குழந்தைப் பாடல்களையும் அழ. வள்ளியப்பாவின் பாடல்களையும் பாடித் திரிந்த பிள்ளைகள், தாங்கள் அறியாமலேயே சொல்லைப் பிளந்து கேட்கும் வித்தையைக் கற்றுக்கொண்டார்கள். பாட்டுத் தெரியாத வீட்டில் விளையாட்டு போதும். அடுப்படியில் வேலையாக இருக்கும் தாய், ‘ப-ன்னு ஆரம்பிக்கிற சாமான் இங்க என்னென்ன இருக்கு, சொல்லு பாக்கலாம்’ என்று கேட்க, குழந்தை பானை, பருப்பு, பால் என்று அடுக்கிக்கொண்டே போவதும், ‘தக்காளி’ என்பதை மூன்று கைதட்டில் பிரித்துச் சொல்வதும், ல, ள, ழ மூன்றும் புரண்டு வரும் வாக்கியங்களைச் சொல்லி நாக்குத் தடுமாறிச் சிரிப்பதும் பாடம் என்று தோன்றாத பாடங்கள்.

தமிழ்க் குழந்தை வாசிக்கக் கற்கும்போது கடக்க வேண்டிய தூரங்களில் பெரியது, பேசும் தமிழுக்கும் எழுதும் தமிழுக்கும் நடுவே உள்ளது. வீட்டில் ‘எல’ என்று கேட்டுப் பழகிய குழந்தை புத்தகத்தில் ‘இலை’ என்று காண்கிறது; ‘ஒடஞ்சுபோச்சு’ என்று சொல்லும் குழந்தை ‘உடைந்துவிட்டது’ என்று வாசிக்க வேண்டியிருக்கிறது; ‘அவங்க வந்தாங்க’ என்பது அங்கே ‘அவர்கள் வந்தார்கள்’ என்று உருமாறி நிற்கிறது. எழுத்துக்களைச் சரியாகவே ஒலித்தும், அவ்வொலியில் தனக்குத் தெரிந்த சொல்லை அடையாளங் காண முடியாமல் குழந்தை தவிக்கும்போது, அதற்கு எழுத்தே தெரியவில்லை என்று தீர்மானித்துவிடுவது அநியாயம். இதற்காகப் பேச்சுத் தமிழைக் கொச்சை என்று பழித்துக் குழந்தையின் வாயை அடைப்பதும் பிரயோஜனமற்றது. தன் பேச்சு தவறென்று எண்ணத் தலைப்பட்ட குழந்தை பேசவே கூசும், பேசக் கூசும் குழந்தை வாசிக்கவும் கூசும். இந்த இடைவெளியைக் கடக்கச் செவ்வையான வழி ஒன்றுதான்: எழுத்துத் தமிழை அது வாசிக்கத் தொடங்கும் முன்னரே காதால் நிறையக் கேட்டிருக்க வேண்டும். கதையை முதலில் வீட்டுப் பேச்சில் சொல்லிவிட்டு, பிறகு அதே கதையைப் புத்தகத்தில் உள்ளபடியே வாசித்துக் காட்டினால், ‘இலை’யும் ‘எல’யும் ஒன்றே என்பதைக் குழந்தை தானே கண்டுகொள்ளும். உரக்க வாசித்துக் காட்டும் வழக்கம் நமக்கு அவசியமாவது முக்கியமாக இதன் பொருட்டே.

உரக்க வாசிப்பது எப்படி? குழந்தையை மடியிலோ பக்கத்திலோ இருத்திக்கொண்டு, புத்தகம் அதன் கண்ணுக்கும் தெரியும்படி பிடித்து, வரியின் கீழே விரலை மெல்ல ஓட்டிக்கொண்டு, அவசரமில்லாமல் வாசிக்க வேண்டும். இடையிடையே நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று கேட்கலாம். சித்திரத்தில் உள்ளதைச் சொல்லச் சொல்லலாம். படித்த கதையையே மறுபடி மறுபடி வாசிக்கச் சொல்லிக் குழந்தை அடம்பிடித்தால் சலித்துக்கொள்ளாமல் வாசிக்க வேண்டும். நமக்குத்தான் அது பழங்கதை, குழந்தைக்கோ ஒவ்வொரு முறையும் ஒரு சொல் புதிதாகப் பிடிபடுகிறது.

பெற்றோருக்கே எழுத்துத் தெரியாத வீட்டில் என்ன செய்வது என்று கேட்கலாம். எழுத்தறியாத ஒரு பாட்டியின் பக்கத்தில், பள்ளியிலிருந்து கொண்டுவந்த படக்கதைப் புத்தகத்தோடு ஓர் ஆறு வயதுப் பேரன் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘பூ…னை… பா…னைக்குள்… எட்டிப் பார்த்தது’ என்று அவன் திக்கித் திக்கி வாசித்து முடிக்கிறான். ‘எதுக்கு ராசா அது உள்ள எட்டிப் பாக்குது?’ என்று பாட்டி கேட்கிறாள். ‘பாலு இருக்கும்னு, அப்பத்தா.’ ‘பாலு இல்லாட்டி?’ பையன் யோசிக்கிறான். ‘எலி இருக்கும்ல!’ என்று சொல்லிவிட்டு, எலிதானா என்று அறியும் ஆவலில் தானே பக்கத்தைப் புரட்டி அடுத்த வரிக்குப் போகிறான். ஓர் எழுத்தும் அறியாத அந்த மூதாட்டி, இரண்டே கேள்விகளால், தாளில் உள்ளது வெறும் ஒலியன்று, அதற்குள் ஒரு காரியம் நடக்கிறது என்பதைப் பேரனுக்கு உணர்த்திவிட்டாள். இதற்குப் பட்டமோ பயிற்சியோ வேண்டியதில்லை; பக்கத்தில் உட்கார நேரமும், கேட்பதில் மெய்யான சிரத்தையும் இருந்தால் போதும்.

குழந்தை தவறாக வாசிக்கும்போது நாம் நடந்துகொள்ளும் விதம் மிக முக்கியமானது. ‘பழம்’ என்பதைப் ‘பலம்’ என்று வாசித்த மாத்திரத்தில் குறுக்கிட்டுத் திருத்துவது நம் சுபாவமாகிவிட்டது. அவ்வாறு செய்யாமல் வாக்கியம் முடியும்வரை பொறுத்திருந்தால், ‘குரங்கு பலம் தின்றது’ என்பது பொருந்தவில்லையே என்று பல குழந்தைகள் தாமே திரும்பிப் பார்க்கின்றன. திரும்பாவிட்டால், ‘குரங்கு எதைத் தின்னிருக்கும்?’ என்று ஒரு கேள்வி கேட்டாற் போதும். தன் பிழையைத் தானே கண்டு திருத்திக்கொண்ட குழந்தை அந்த எழுத்தை மறப்பதில்லை. அதட்டித் திருத்தப்பட்ட குழந்தை எழுத்தோடு அந்த அதட்டலையும் சேர்த்தே ஞாபகம் வைத்துக்கொள்கிறது.

புத்தகம் வாங்க வசதியில்லை என்பதும் பெரிய தடையாகாது. பால் பாக்கெட்டின் மேல் உள்ள ‘ஆவின்’, பேருந்தின் நெற்றியில் எழுதிய ஊர்ப்பெயர், ரேஷன் கடைப் பலகை, சுவரொட்டி எல்லாம் வாசிக்கத் தகுந்தவைதாம். சமையலறை டப்பாக்களில் உப்பு, மிளகு, கடுகு என்று சீட்டு எழுதி ஒட்டிவிட்டு, ‘கடுகு டப்பாவை எடுத்துவா’ என்று குழந்தையை அனுப்பலாம். நியூஸிலாந்தில் மவோரிக் குழந்தைகளுக்குப் போதித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர் என்னும் ஆசிரியை, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குழந்தையிடமும் அதன் மனத்துக்கு மிக நெருங்கிய ஒரு சொல்லைக் கேட்டு, அதை அட்டையில் எழுதி அதன் கையிலேயே கொடுத்துவிடுவார். குழந்தையின் ஆசையோ பயமோ கலந்த அந்தச் சொற்களே அதற்கு முதற் பாடநூலாயின. இந்த அநுபவங்களை அவர் 1963-ல் ஒரு நூலாகவும் வெளியிட்டார். நம் ஊர்ப் பையன் ஒருவனிடம் கேட்டால் அநேகமாக ‘ஜேசிபி’ என்பான். அதையே எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

எழுதும் விஷயத்தில் அவசரம் கூடாது. ஐந்து வயதுக்கு முன் விரல்களின் தசைகளுக்குப் பென்சிலைப் பிடித்து நெடுநேரம் எழுதும் திடம் வருவதில்லை. 1939-ல் பிரம்மஞான சபையாரின் அழைப்பின் பேரில் அடையாறு வந்து, யுத்தத்தின் காரணமாகப் பல ஆண்டுகள் இந்நாட்டிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிஸோரி அம்மையார், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துக்களின் மேல் குழந்தைகளை விரலால் தடவச் செய்து, தடவும்போதே ஒலியையும் சொல்லச் செய்தார். நம் திண்ணைப் பள்ளியின் மணலுக்கும் அந்த உப்புத்தாளுக்கும் தத்துவம் ஒன்றே. இன்றைய வகுப்புகளிலோ, நாலு வயதுக் குழந்தை இரட்டைக்கோடு நோட்டில் பக்கம் பக்கமாகப் பார்த்தெழுதுகிறது. எழுதியதை வாசிக்கச் சொன்னால் தெரியவில்லை. எழுத்து அழகாக இருக்கிறது என்று நாம் மகிழ்வதற்கும் குழந்தை கற்பதற்கும் சம்பந்தமில்லை.

பள்ளி செய்ய வேண்டியவை வேறு சில உண்டு. ஒரே வகுப்பில் எழுத்தறியாத குழந்தையும், சொல் வாசிக்கும் குழந்தையும், கதை வாசிக்கும் குழந்தையும் சேர்ந்தே இருப்பதால், எல்லாருக்கும் ஒரே பாடத்தை ஒரே வேகத்தில் நடத்தினால் முதற் குழந்தை பின்தங்கும், மூன்றாங் குழந்தை சலிப்படையும். தமிழக அரசு 2022-ல் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளாகப் பிரித்து அவரவர் நிலைக்கேற்பப் போதிக்க முற்பட்டது இக்காரணம் பற்றியே. 2023-ல் வந்த வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்னும் நான்கு படிகளில் சிறுசிறு கதைப் புத்தகங்களை அரசுப் பள்ளிகளுக்கு அளித்தது. இவை போற்றத்தக்க ஏற்பாடுகள். ஆனால் குழந்தை கிழித்துவிடுமோ, தணிக்கையில் கணக்குக் குறையுமோ என்ற அச்சத்தால் புத்தகங்களைப் பீரோவில் வைத்துப் பூட்டும் பழக்கம் நீங்கினாலன்றி எந்தத் திட்டமும் பலிக்காது. ஓர் ஆண்டு முழுவதும் கிழியாமல் இருக்கும் கதைப் புத்தகம் ஒருவராலும் வாசிக்கப்படாத புத்தகமே. ஆசிரியர் நாள்தோறும் பத்து நிமிஷம் வகுப்புக்கு உரக்க வாசித்துக் காட்டுவதையும், மாதம் ஒருமுறையாவது ஒவ்வொரு குழந்தையையும் தனியே அழைத்து, பாடத்தில் இல்லாத ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்பதையும் வழக்கமாக்கிக்கொண்டால், ஆண்டுத் தேர்வுவரை காத்திராமலே யார் எங்கே தடுக்கி நிற்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

பொறுமையும் வேண்டும். பெங்களூரைச் சேர்ந்த சோனாலி நாக் என்னும் ஆராய்ச்சியாளர் கன்னடக் குழந்தைகளைப் பற்றி 2007-ல் வெளியிட்ட கட்டுரை ஒன்று, உயிர்மெய் எழுத்துக்களைக் கொண்ட நம் போன்ற மொழிகளில் எழுத்துக்கள் யாவும் வசமாக நான்காம் வகுப்பு வரையிலுங்கூட ஆகலாம் என்று காட்டுகிறது. முதல் வகுப்பு முடியும்போது எல்லா எழுத்தும் தெரிந்திருக்க வேண்டும் என்று அவசரப்படுவோர் இதனை மனத்திற் கொள்ள வேண்டும். வீட்டில் ஆங்கிலம் ஒரு வார்த்தையும் புழங்காத குழந்தையை ஆங்கிலத்திலேயே முதலில் வாசிக்கக் கற்பிப்பவர்கள், முன்சொன்ன பெருக்கல் கணக்கில் ஒன்றைத் தாமே பூஜ்யமாக்கிவிடுகிறார்கள். அறிந்த மொழியில் வாசிக்கக் கற்ற குழந்தை, பின்னர் வேறொரு மொழிக்கு அந்தத் திறனைத் தன்னோடு கொண்டுசெல்கிறது. முறையாகக் கற்பித்தும் இரண்டாம் வகுப்பு முடியும்வரை எழுத்துக்கள் ஒரு குழந்தைக்குக் கலங்கியே தோன்றுமானால், முதலில் கண்ணையும் காதையும் வைத்தியரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும். அவை நன்றாயிருந்தால் ‘டிஸ்லெக்சியா’ என்னும் கற்றல் இடர்ப்பாடா என்று அறிந்தோரிடம் விசாரிக்க வேண்டும். புத்திக்கூர்மை நிறைந்த குழந்தைகளுக்கும் அது உண்டு. தக்க பயிற்சியால் அவர்களும் வாசிக்கக் கற்கிறார்கள். மந்தபுத்தி என்று முத்திரை குத்துவது மட்டுமே அவர்களுக்குப் பரிகாரமில்லாத தீங்கு.

புத்தகத்தை வாசகரிடம் கொண்டுசேர்ப்பதில் இந்நாட்டுக்கு ஒரு மரபும் உண்டு. நூலக இயலின் தந்தை எனப்படும் சீர்காழி அரங்கநாதன் தம் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்ட அதே 1931-ல், மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஒரு நூலகம் கிராமங்களுக்குப் புறப்பட்டது. சுதந்திர இந்தியாவில் பொது நூலகங்களுக்கென்று முதன்முதலாகச் சட்டம் இயற்றியதும் 1948-ல் மதராஸ் மாகாணமே. அச்சட்டத்தின் பயனாக எழுந்த நூலகங்கள் இன்று பல ஊர்களில் இருக்கின்றன. மாதம் ஒருமுறை குழந்தையை அங்கே அழைத்துச் சென்று, எந்தப் புத்தகம் வேண்டும் என்பதை அதையே தேர்ந்தெடுக்கச் செய்வது பெற்றோரின் காரியம்.

பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். நாள்தோறும் கால்மணி நேரம், கைபேசியை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு கதையைக் குழந்தைக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கத் தெரியாதவர்கள் குழந்தையை வாசிக்கச் சொல்லி அருகிருந்து கேளுங்கள். எழுத்துக்களை முறையாகக் கற்பிக்கும் பொறுப்பைப் பள்ளி ஏற்க, கதையும் பேச்சும் பாட்டும் வற்றாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை வீடு ஏற்குமானால், எட்டு வயதுக்குள் தானாக ஒரு புத்தகத்தை எடுத்து வாசிக்காத குழந்தை நம் ஊரில் அரிதாகிவிடும். இதற்குச் செலவு அதிகமில்லை. இன்று இரவே தொடங்கலாம்.